ஏக்கருக்குத்தான் சம்பளம்!

டெல்டா என்றதும் உங்களுக்குத் தஞ்சாவூர்தானே ஞாபகம் வரும்? இந்த வாரம் நாம் போகப் போவது வேறு ஒரு டெல்டா. அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டா! அதிலும் சன்ஃப்ளவர் கவுண்டி என்கிற ஒரே ஒரு குட்டி மாவட்டம். பேர்தான் சூரியகாந்தி. வயல் முழுக்க சோயா, பருத்தி, மக்காச்சோளம், நெல்!

'அங்கே பார்க்க என்ன பாஸ் இருக்கு?' என்று கேட்டால்... மலை கிடையாது, கடல் கிடையாது, அருவி கிடையாது. ஆனால், விவசாயிக்கு என்று ஒரு அரசாங்கம் அனுப்பும் பணம் எந்த வாய்க்காலில் ஓடுது, எங்கே தேங்குது, எந்த வாசலை எட்டிக்கூடப் பார்க்காமல் போயிடுது என்பதை ரோட்டோரமாக நின்று பார்க்க, இதைவிட நல்ல இடம் அமெரிக்காவில் கிடைப்பது கஷ்டம். ரெடியா? சீட் பெல்ட்டைப் போடுங்க... போலாம் ரைட்!

மெஷின் வந்த ஊர்

மெம்ஃபிஸ் ஏர்போர்ட்டில் இறங்கி, காரை எடுத்துத் தெற்கே ஹைவே 61-ல் விடுங்கள். ஊர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பூமி அப்படியே கேரம் போர்டு மாதிரி தட்டையாகிவிடும். மிசிசிப்பி, யாஸூ என்ற ரெண்டு ஆறுகளும் ஆயிரக்கணக்கான வருஷமாக வெள்ளத்தில் கொண்டுவந்து கொட்டிய வண்டல் இது. ஆறு கடலில் கலக்கிற நிஜ டெல்டா தெற்கே லூசியானாவில் இருக்கிறது. ஆனாலும், இங்கிருப்பவர்கள் இதைத்தான் டெல்டா என்பார்கள். மறுத்துப் பேசாதீங்க, சண்டைக்கு வருவாங்க!

வண்டல் என்றால் பருத்தி. பருத்தி என்றால் கறுப்பின அடிமைகள். 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகு வந்தது வாரச் சாகுபடி. நிலம், விதை, கோவேறு கழுதை எல்லாம் பண்ணையாருடையது. உழைப்பு மட்டும் குடியானவருடையது. விளைச்சலில் பாதிக்குப் பாதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால், கணக்கு நோட்டு யார் கையில்? பண்ணையார் கையில்! அரிசி, மாவு, துணி என்று வருஷம் பூரா பண்ணைக் கடையில் வாங்கிய கடனைக் கழித்தால், கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் புதுக் கடன்தான்.

ரெண்டு மணி நேரத்துக்குள் கிளார்க்ஸ்டேல் வந்துவிடும். ஊரைத் தாண்டியதும் ஹாப்ஸன் பண்ணை. மெக்கானிக்கல் பசங்க இங்கே இறங்கி ஒரு கும்பிடு போடலாம். விதைப்பதில் தொடங்கி பேல் கட்டுவது வரை முழுக்க முழுக்க மெஷினாலேயே ஒரு பருத்தி மகசூலை வணிகரீதியாக எடுத்துக் காட்டியது இங்கேதான். வருஷம் 1944. அதுவரை ஆயிரம் விரல்கள் பஞ்சு எடுத்த காட்டில், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் சிவப்பு மெஷின் ஓடியது.

அந்த விரல்களுக்குச் சொந்தக்காரர்கள் குடியிருந்த மரக் குடிசைகள் இன்னும் இருக்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் ஆச்சரியப்படுவீங்க. ஏ.சி. ஓடும். ஆமா, அதெல்லாம் இப்போ டூரிஸ்ட் லாட்ஜ்!

உழுது அழித்தால் காசு

மெஷின் வந்ததால் ஆட்கள் போனார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால், கதை அதற்கு 11 வருஷம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

பொருளாதாரம் படுத்துக்கிடந்த 1930-களின் ஆரம்பம். பருத்தி விலை பவுண்டுக்கு ஆறு சென்ட் அளவுக்கு விழுந்துவிட்டது. 1933-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. லாஜிக் ரொம்ப சிம்பிள். பருத்தி அதிகமாக இருப்பதால்தானே விலை விழுது? அப்போ பருத்தியைக் குறை. குறைப்பவருக்கு அரசாங்கம் காசு தரும். அந்தக் கோடையிலேயே, நிற்கிற பயிர் சுமார் ஒரு கோடி ஏக்கர் உழுது அழிக்கப்பட்டது. 'செடி வரிசையை மிதிக்காதே' என்று வாழ்நாள் முழுக்கப் பழக்கிய கோவேறு கழுதைகள், செடிமேல் கால் வைக்க மறுத்து நின்றதாக ஒரு கதைகூடச் சொல்வார்கள்.

சரி... செக் யார் பேருக்கு வந்தது? ஒப்பந்தம் போட்டவர் பேருக்கு. ஒப்பந்தம் போட்டது நிலத்துக்காரர். அதில் ஒரு பங்கை வாரக்காரருக்குத் தர வேண்டும் என்று விதி இருந்தது. கொடுக்கும் கை பண்ணையாருடையது என்பதால், பல இடங்களில் அது பழைய கடனில் வரவு வைக்கப்பட்டு அதோடு முடிந்தது. இன்னொரு சிக்கலும் வந்தது. பருத்தி ஏக்கரைக் குறைத்தால், அத்தனை ஆள் எதற்கு? குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். கையில் இருந்த அரசாங்கப் பணத்தில் டிராக்டர் வாங்கினார்கள்.

எதிர்ப்பே வரலையா என்றால், வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆர்கன்சாஸில் டைரான்ஸா என்ற ஊரில் 1934-ல் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஒரு குத்தகைதாரர் சங்கம் ஆரம்பித்தார்கள். வாஷிங்டனில் விவசாயத் துறைக்குள்ளேயே ஜெரோம் ஃப்ராங்க் என்ற வக்கீலின் அணி, 'ஏற்கெனவே இருக்கும் குடியானவர்களைப் பண்ணையார் வெளியேற்றக் கூடாது' என்று விதிக்கு விளக்கம் எழுதியது. 1935 பிப்ரவரியில் ஃப்ராங்க் உட்பட அந்த அணியின் முக்கியமானவர்களுக்கு வேலை போனது. சட்டம் அப்படியே நின்றது.

இப்போ ஹாப்ஸன் பண்ணையைத் திரும்பிப் பாருங்கள். மெஷின் வாங்க முதல் வேண்டும். அந்த முதலைச் சேர்த்துக்கொடுத்ததில் அரசாங்க செக்குக்கும் பங்கு உண்டு. 1933-லேயே நிலத்துக்காரருக்குத் தனியாக ஒரு வாய்க்கால் வெட்டியாச்சு. மெஷின் அப்புறம்தான் வந்தது.

பத்து நிமிட தூரத்தில் ரெண்டு வீடு

தெற்கே டட்வைலரில் ரோடு ரெண்டாகப் பிரியும். வலது கையில் 49 வெஸ்ட். அதைப் பிடித்தால் சன்ஃப்ளவர் கவுண்டிக்குள் நுழைந்துவிடலாம். முதலில் வருவது பார்ச்மன். மாநிலச் சிறை. பல வருஷம் கைதிகளை வைத்துப் பருத்தி விளைவித்த பெரிய பண்ணை இது. இங்கே வண்டியை நிறுத்த வேண்டாம்.

அடுத்து ட்ரூ என்ற ஊர், அப்புறம் ரூல்வில். இங்கே ஒரு சின்னப் பூங்காவில் மைக்கைப் பிடித்துப் பேசும் ஒரு பெண்ணின் சிலை இருக்கும். ஃபேனி லூ ஹேமர். வாரச் சாகுபடிக் குடும்பத்தில் இருபதாவது பிள்ளை. ஆறு வயசில் பஞ்சு எடுக்க வயலுக்கு வந்தவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று 17 பேரோடு பஸ் ஏறி, வாக்காளர் பட்டியலில் பேர் பதிய இண்டியனோலா கோர்ட்டுக்குப் போனார். அன்று ராத்திரியே பண்ணையார் வேலையைவிட்டு, வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். 18 வருஷ உழைப்பு அங்கே!

ரூல்வில்லில் இருந்து தெற்கே பத்து நிமிஷம் ஓட்டினால் டாட்ஸ்வில். ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் ஊர். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் பண்ணை. அமெரிக்க செனட்டர் வேறு. 1956-ல் இருந்து 1978 வரை செனட்டின் நீதித்துறைக் கமிட்டிக்குத் தலைவர். விவசாயக் கமிட்டியிலும் உறுப்பினர். சிவில் உரிமைச் சட்டங்களைத் தன் மேஜையில் கிடப்பில் போடுவதில் பேர் வாங்கியவர்.

1960-களின் பின்பாதிக்கு வருவோம். பருத்தியைக் குறைத்ததற்காக ஈஸ்ட்லண்ட் பண்ணைக்கு ஒரே வருஷத்தில் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் அரசாங்கப் பணம் போனது. அதே டெல்டாவில் களை எடுக்கும் கூலிக்கு நாள் முழுக்க உழைத்தால் மூணு டாலர்! 1967 பிப்ரவரியில் பண்ணைத் தொழிலாளிக்கும் மணிக்கு ஒரு டாலர் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் அமலானதும், பல பண்ணைகள் களைக்கொல்லிக்கும் மெஷினுக்கும் மாறி, மிச்சமிருந்த ஆட்களையும் அனுப்பிவிட்டன. ஏப்ரலில் ராபர்ட் கென்னடி பக்கத்துக் கவுண்டிக்கு வந்து, பசியில் வயிறு ஊதிய குழந்தைகளைப் பார்த்துவிட்டுப் பேச்சு வராமல் நின்றார். அமெரிக்காவின் அதி வளமான மண்ணில்!

ஹேமர் சும்மா இருக்கவில்லை. முதலில் ஒரு பன்றி வங்கி. குட்டி போட்டதும் அடுத்த குடும்பத்துக்குக் குட்டி கொடுக்க வேண்டும், அதுதான் வட்டி! 1969-ல் 40 ஏக்கர் வாங்கி 'ஃப்ரீடம் ஃபார்ம்' என்ற கூட்டுறவுப் பண்ணை ஆரம்பித்தார். காய்கறி, பீன்ஸ் எல்லாம் வேலை இல்லாத குடும்பங்களுக்கு. வந்த நன்கொடையில் ஓடிய அந்தப் பண்ணை, கடனும் வெள்ளமும் வறட்சியுமாக 70-களின் நடுவில் மூடப்பட்டது. 1977-ல் ஹேமர் இறந்தார். அந்தப் பண்ணை நிலத்திலேயே அடக்கம்.

பெரிய பண்ணைகளின் லட்ச லட்சமான செக்குகள் பேப்பரில் வந்து நாறியதால், 1970-ல் ஒரு பயிருக்கு ஒருவருக்கு 55,000 டாலர்தான் என்று முதல்முறையாக உச்சவரம்பு போட்டார்கள். உடனே என்ன நடந்திருக்கும்? கரெக்ட்... ஒரே பண்ணை, பேப்பரில் மட்டும் மனைவி, மகன், மருமகன், கம்பெனி என்று பல பண்ணையானது. கிளைக்குக் கிளை பிரிந்து நிற்கும் இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் ஒரு செல்லப் பேரே உண்டு. 'மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்'!

ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்க

49 வெஸ்ட் நேராக இண்டியனோலாவுக்குள் இறங்கும். கவுண்டியின் தலைநகர். ஹேமர் பேர் பதிய வந்த கோர்ட் இந்த ஊரில்தான். இப்போதைய மானியக் கணக்கை இங்கே உட்கார்ந்து பார்ப்போம். நம்ம ஏரியா... கணக்கு!

பருத்திக்குச் சட்டம் ஒரு 'ஆதார விலை' வைத்திருக்கிறது. 2018-ல் கொட்டையோடு இருக்கும் பருத்திக்கு பவுண்டுக்கு 36.7 சென்ட். 2025 சட்டத்தில் அது 42 சென்ட் ஆனது. சந்தை விலை அதற்குக் கீழே போனால், வித்தியாசத்தை அரசாங்கம் தரும். ஒரு உதாரணம். சந்தை விலை 32 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10 சென்ட். ஏக்கருக்குக் கணக்கு மகசூல் 2,000 பவுண்டு. 'பேஸ் ஏக்கர்' 100. அதில் 85 சதவிகிதத்துக்குத்தான் பணம். பெருக்குங்கள்... 17,000 டாலர்.

இப்போ ஒரு கேள்வி. இந்தப் பெருக்கலில் 'இந்த வருஷம் என்ன விதைச்சே?' என்பது எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை! பேஸ் ஏக்கர் என்பது பழைய சாகுபடிக் கணக்கை வைத்து அந்த நிலத்தோடு ஒட்டிக்கொண்ட எண். இந்த வருஷம் அதே நிலத்தில் சோயா போட்டிருந்தாலும் பருத்தி விலை விழுந்தால் பணம் வரும். பணத்தைக் குத்தகைக்காரர் வாங்கினாலும், 'இந்த நிலத்துக்கு மானியம் வரும்' என்பதற்காக வாடகை ஏறி, அதில் ஒரு பகுதி நிலத்துக்காரரிடமே போய்ச் சேரும். உச்சவரம்பு ஆளுக்கு 1,25,000 டாலராக இருந்தது. 2025 சட்டம் அதை 1,55,000 ஆக்கியது.

ரெண்டாவது கேள்வி. இந்தப் பெருக்கலில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்பது எங்கே? அதுவும் இல்லை. ஏக்கர் சைபர் என்றால் விடை சைபர். 1933-லும் அதுதான் கணக்கு, இன்றும் அதுதான் கணக்கு.

விவசாயிகள் பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு நவீன பருத்தி மெஷின் பத்து லட்சம் டாலரைத் தொடும். விதை, உரம், டீசல் எதன் விலையும் அவர் கையில் இல்லை. 2018-ல் அமெரிக்காவும் சீனாவும் வரிச் சண்டை போட்டபோது சோயா விலை சரிந்தது. சண்டை போட்டது தலைநகரம், அடி விழுந்தது டெல்டா வயலில். அதற்கு ஈடாக ரெண்டு வருஷத்தில் சுமார் 2,300 கோடி டாலர் கொடுத்தார்கள். 2019-ல் கவுண்டிக்குக் கவுண்டி ரேட் வேறு. ஏக்கருக்கு 15 டாலரில் இருந்து 150 வரை! 2025 டிசம்பரிலும் 1,200 கோடி டாலருக்கு ஒரு உதவி அறிவிப்பு வந்தது. இந்தப் பணம் இல்லாமல் போனால் பல குடும்பப் பண்ணைகள் பாங்க் கையில் போய்விடும் என்பது உண்மை. ஆனால், அதிலும் அலகு என்ன? ஏக்கர்!

கமிட்டி என்ன சொல்லுச்சு?

'அப்போ கறுப்பின மக்களும் நிலம் வாங்கியிருக்கலாமே' என்று தோணும். வாங்கினார்கள். 1920-ல் அமெரிக்காவில் ஒன்பதே கால் லட்சம் கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இப்போது ஐம்பதாயிரத்துக்கும் கீழே.

எங்கே போனார்கள்? ஒரு காரணம், ஒவ்வொரு கவுண்டியிலும் விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு கமிட்டி. யார் எத்தனை ஏக்கர் பருத்தி போடலாம் என்று ஒரு காலத்தில் பங்கு போட்டது இதுதான். பின்னாளில் அரசாங்க விவசாயக் கடனிலும் இதற்குச் செல்வாக்கு இருந்தது. கேட்க ஜனநாயகமாகத் தெரிகிறது இல்லையா? ஆனால், 1960-களின் மிசிசிப்பியில் அதில் கறுப்பர்கள் நுழையவே பெரும் போராட்டம் நடந்தது. விதைக்கிற சமயத்தில் வர வேண்டிய கடன் அறுவடை சமயத்தில் வந்தால் என்ன பிரயோஜனம்?

இதையெல்லாம் சொல்லி வட கரோலினா விவசாயி திமோத்தி பிக்ஃபர்ட் பேரில் 1997-ல் போடப்பட்ட வழக்கு, 1999-ல் சமரசத்தில் முடிந்தது. 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு. நேரம் தாண்டிவிட்டது என்று விடுபட்டவர்களுக்கு 2010-ல் இன்னொரு 125 கோடி. 2021-ல் கடன் தள்ளுபடிக்கு ஒரு சட்டம் வந்து, கோர்ட்டில் முடங்கி, 2022-ல் ரத்தானது. அதற்குப் பதிலாக வந்த திட்டத்தில் 2024 ஜூலையில் 43,000-க்கும் அதிகமானவர்களுக்குச் சுமார் 200 கோடி டாலர் போனது. அதில் மிசிசிப்பிக்காரர்கள் நிறைய. பலருக்கு அந்தக் காசு வந்தபோது நிலம் கையைவிட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

நிலம் இல்லாமல் கூலிக்குப் போகிறவர்கள்? 2021 செப்டம்பரில் இதே கவுண்டியில் ஆறு கறுப்பினத் தொழிலாளர்கள் ஒரு பண்ணைமேல் வழக்குப் போட்டார்கள். தென் ஆப்பிரிக்காவில் இருந்து விசாவில் வரவழைத்த வெள்ளையின ஆட்களுக்கு அதிகக் கூலி, அதே வேலைக்குத் தங்களுக்குக் குறைவு, அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததும் தாங்கள்தான் என்பது புகார். 2022 டிசம்பரில் சமரசமானது.

கடைசி ஸ்டாப்

இண்டியனோலாவை விட்டுக் கிளம்பும் முன் பி.பி.கிங் மியூசியத்தைப் பார்க்காமல் வராதீங்க. ப்ளூஸ் இசையின் ராஜா! 2008-ல் திறந்த மியூசியம். அவர் இளவயசில் வேலை பார்த்த பழைய செங்கல் ஜின்னிங் கட்டடத்தையும் சேர்த்துக் கட்டியது. 2015-ல் அவரை அடக்கம் செய்ததும் இந்த வளாகத்தில்தான். கிட்டார் கையில் வந்து நிலைக்கும் முன் அவர் இந்த ஊர்ப் பண்ணையில் டிராக்டர் டிரைவர். 1946-ல் டிராக்டரின் புகைக் குழாயை உடைத்துவிட்டு, பண்ணையாருக்குப் பயந்து மெம்ஃபிஸுக்கு ஓடினார். அப்புறம் திரும்பி வந்து வேலை செய்து அந்தக் கடனை அடைத்துவிட்டுத்தான் போனார்!

அவர் மட்டுமா... தெற்கு மாநிலங்களை விட்டு 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்குக்கும் மேற்குக்கும் ரயில் ஏறினார்கள். 2020 கணக்கெடுப்பில் சன்ஃப்ளவர் கவுண்டியில் சுமார் 26,000 பேர்தான் மிச்சம். ஊர்களின் மெயின் ரோட்டில் பூட்டிய கடைகள். சுற்றிலும் பச்சைப்பசேல் வயல். வயலில் ஒரே ஒரு மெஷின். உலகமே கொண்டாடும் ஒரு கலைஞர் இந்த மண்ணில் டிராக்டர் ஓட்டியபோது, அரசாங்கத்தின் கணக்கில் அவர் சைபர். அவர் ஓட்டிய ஏக்கர்தான் எண்.

அடுத்த தடவை எந்த நாட்டு நியூஸிலாவது 'விவசாயிகளுக்கு இத்தனை கோடி' என்று படித்தால், எத்தனை சைபர் என்று எண்ணுவதோடு விட்டுடாதீங்க. அந்தத் தொகையை எதால் பெருக்கினார்கள் என்று தேடுங்க. ஏக்கராலா... ஆளாலா? அதைக் கண்டுபிடிச்சுட்டா, பணம் யார் வாசலில் போய் நிற்கும் என்று நீங்களே சொல்லிடலாம்!